முக்காடும் மூன்று தராசுகளும்

சென்ற ஆண்டு பள்ளி விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள், ஓட்டப் பந்தயத்திலிருந்து பெயரை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள் என் மகள். முக்காட்டுடன் ஓட விதியில் இடமில்லை என்று விளையாட்டு ஆசிரியர் கூறினாராம். அந்த விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளூர எனக்கு நிம்மதியே ஏற்பட்டது. பெண்பிள்ளை ஓடாவிட்டால் என்ன குறைந்துவிடும்! அவளோ அன்றிரவு உணவைத் தொடவில்லை.

பின்னர்தான் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் செய்தியொன்று என் கண்ணில் பட்டது. 2019-ஆம் ஆண்டு, 16 வயது முஸ்லிம் மாணவி ஒருத்தி நெடுந்தொலைவு ஓட்டத்தை ஹிஜாபுடன் ஓடி முடித்தாள். முடிவுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. முன் அனுமதி பெறாமல் தலையை மறைத்து ஓடியது குற்றமாம்!

இத்தகைய வழக்குகளை நிறுக்க அந்நாட்டு நீதிமன்றங்கள் மூன்று தராசுகளை வைத்திருக்கின்றன. சாதாரண விதிக்கு நியாயமான ஒரு காரணம் இருந்தால் போதும். ஆண் பெண் வேறுபாடு காட்டும் விதிக்கு முக்கிய நோக்கம் வேண்டும். இனத்தின் பெயரால் பிரித்தாலோ அடிப்படை உரிமையில் கை வைத்தாலோ, தவிர்க்கவியலாத தேவையை அரசே நிறுவ வேண்டும். அத்தேவையை இலேசான வேறு வழியில் நிறைவேற்ற இயலாது என்றும் காட்ட வேண்டும். ளரூரிய்யாத், ஹாஜிய்யாத், தஹ்ஸீனிய்யாத் என்று மூன்று படிகளைப் பாடம் நடத்தும் எனக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றவில்லை. (இரண்டும் ஒன்றல்ல, என் மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மார்க்க உரிமை எந்தத் தராசில் ஏறும்? 1963-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையான தராசில் வைத்தது. 1990-இலோ, மதத்தைக் குறிவைக்காத பொது விதிக்கு அவ்வளவு கடுமை வேண்டியதில்லை என்று இறக்கிவிட்டது.

இவ்விரண்டுக்கும் இடையில் வந்த ஒரு வழக்குதான் என்னைக் கவர்ந்தது. இல்லினாய் மாநிலத்தில் யூத மாணவர்கள் சிறு தொப்பியைக் கொண்டை ஊசியால் செருகிக்கொண்டு கூடைப்பந்து ஆடினர். தொப்பி விழுந்தால் பிறர் அதில் வழுக்கி விழுவர் என்று விளையாட்டுச் சங்கம் தடுத்தது. 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு தரப்பையும் நோக்கிப் பேசியது. கழன்று விழும்படி அணிய உரிமையில்லை. ஆனால் கழலாத தலையணியை மாணவர்கள் கொண்டுவந்தால், ஆபத்து நீங்கிய பிறகு சங்கம் மறுக்க இயலாது. மார்க்கம் கேட்பது தலையை மறைக்கத்தானே, ஊசியை அன்றே!

ஒஹையோவில் நீதிமன்றத் தீர்ப்புக்கு வேலையே வரவில்லை. 2022-இல் சட்டமன்றமே முன் அனுமதி நிபந்தனையை நீக்கிவிட்டது.

இவ்வாண்டு விழா அறிவிப்பு வந்ததும், மகளின் தலைக்கு இறுகப் பொருந்தும் பருத்தி முக்காடு ஒன்றை என் இல்லாள் தைத்துக் கொடுத்தாள். ஊக்கும் இல்லை, தொங்கும் முனையும் இல்லை. நான் அவளுடன் பள்ளிக்குச் சென்றேன். ஆசிரியர் முன்னிலையில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடி வந்தாள், துணி அசையவில்லை. பிறகு, சென்ற ஆண்டு கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்டேன்.

விதிப்புத்தகத்தைத் தேடிப் பார்ப்பதாகச் சொன்ன ஆசிரியர், அதுவரை பயிற்சிக்கு வரட்டும் என்றார்.