செம்மண்ணில் பைக் பழகுதல்

தார்ச்சாலையை விட்டு இறங்கி, கல், மணல், சேறு, மேடு பள்ளம் உள்ள நிலத்தில் பைக் ஓட்டுவதை ஆஃப்-ரோடு ஓட்டம் என்கிறார்கள். சாலையில் பல ஆண்டு பழகிய கைக்கும் இது புதிய பாடம். தாரில் டயருக்குக் கிடைக்கும் பிடிமானத்தில் ஒரு பங்குதான் உதிரி மண்ணில் கிடைக்கும். திருப்புவது, நிறுத்துவது, வேகம் எடுப்பது ஆகிய மூன்றுக்கும் அந்தக் கொஞ்சத்திலிருந்தே செலவு செய்யவேண்டும். அந்தச் சிக்கனத்தைப் பழக்குவதுதான் தொடக்கநிலைப் பயிற்சியின் வேலை.

இந்தியாவில் இதைக் கற்கப் பலர் போகும் ஊர் கர்நாடகத்தின் கோலார். பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வருபவருக்கு ராணிப்பேட்டை, சித்தூர், முல்பாகல் வழி. மேட்டுநிலம் ஏறியதும் சாலையின் இருபுறமும் கருங்கல் குன்றுகளும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவைத்தாற்போன்ற உருண்டைப் பாறைகளும் தென்படும். அந்தப் பாறை சிதைந்து உண்டான செம்மண்தான் இங்கே பாடப்புத்தகம். அடியில் இறுகிய தரை, மேலே உருளும் சரளை. மழை பெய்தால் வழுக்கல், வெயில் காய்ந்தால் புழுதி. கோலாருக்கு அருகில் பிக்ராக் டர்ட்பார்க் என்ற பயிற்சிக் களத்தைத் தொடங்கியவர் பந்தய வீரர் சி.எஸ். சந்தோஷ். 2015இல் அர்ஜென்டினா, பொலிவியா, சிலி நாடுகளில் நடந்த டக்கார் ராலியை 36ஆம் இடத்தில் முடித்து, அந்தப் பந்தயத்தை நிறைவு செய்த முதல் இந்தியர் ஆனவர் அவர். இங்கானாலும் வேறு நாடுகளிலானாலும் தொடக்கநிலைப் பாடம் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் செல்கிறது.

முதலில் வண்டி. இந்தியாவில் இந்த வேலைக்கு அதிகம் புழங்குபவை இரண்டு: சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன், ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200. 2016இல் வந்த 411 சிசி ஹிமாலயனின் எடை 180 கிலோவுக்கு மேல். எக்ஸ்பல்ஸ் 155 கிலோவை ஒட்டி வரும். புதியவருக்கு எடை குறைந்த வண்டியே நல்லது, ஏனென்றால் அதை அவர் பலமுறை தரையிலிருந்து தூக்கவேண்டியிருக்கும். இரண்டுக்கும் பொதுவானது 21 அங்குல முன்சக்கரம். சிறிய சக்கரம் முட்டி நிற்கும் கல்லின்மேல் பெரிய சக்கரம் ஏறி உருண்டுவிடும். எஞ்சினுக்கும் தரைக்கும் இடையில் இரண்டிலும் 220 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி உண்டு.

அடுத்தது உடுப்பு. முகப்பு நீண்ட ஹெல்மெட், கண்ணாடி, மார்பு முதுகுக் கவசம், முழங்கை முழங்கால் காப்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை ஏறும் கெட்டியான பூட்ஸ். தொடக்கநிலையில் விழுவது பெரும்பாலும் மெதுவாக, பக்கவாட்டில்தான். அப்போது வண்டிக்கும் தரைக்கும் நடுவில் கால் மாட்டிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் கணுக்காலைக் காப்பது பூட்ஸ். தேர்ந்தவருக்கும் இந்தக் கவசங்களிலிருந்து விலக்கு கிடையாது. 2021இல் சவூதி அரேபியாவில் நடந்த டக்கார் ராலியில் விழுந்து தலையில் அடிபட்ட சந்தோஷை மருத்துவர்கள் செயற்கை மயக்கத்தில் வைத்துத்தான் மீட்டார்கள்.

களத்தில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைப்பார்கள். சாலையில் 30 பிஎஸ்ஐயை ஒட்டி இருக்கும் அழுத்தம் 20 பிஎஸ்ஐ பக்கம் இறங்கும். காற்று குறைந்த டயர் தரையில் நீளமாகப் படியும். கல்லின் வடிவுக்கு ஏற்ப வளைந்து அதைக் கவ்வும். அளவு மீறிக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பஞ்சராகும், ரிம்மும் நெளியும்.

எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே வரும் முதல் பயிற்சி, விழுந்த வண்டியைத் தூக்குவது. எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தவேண்டும். ஒரு கை ஹேண்டிலில், மறு கை பின்பக்கச் சட்டத்தில். முதுகை வளைக்காமல், தொடைகளின் வலுவில், சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி எழும். வலப்பக்கம் விழுந்த வண்டிக்குச் சைடு ஸ்டாண்டை முன்பே இறக்கிவிடவேண்டும். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் அது மறுபக்கம் சாய்ந்துவிடும். இந்த வித்தை கைவந்தபின் விழுகிற பயம் பாதியாகக் குறையும். பயம் குறைந்தால் பிடி தளரும், பிடி தளர்ந்தால் ஓட்டம் சீராகும்.

நின்று ஓட்டுவது இந்த ஓட்டத்தின் அரிச்சுவடி. பாதங்கள் கால்மிதியில், முழங்கால்கள் லேசாக மடங்கி டேங்கைத் தொட்டபடி, முழங்கைகள் வெளிப்பக்கம் விரிந்து, தலை நிமிர்ந்து. கிளட்ச், பிரேக் பிடிகளையும் இந்த நிலைக்கு ஏற்பக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி வைப்பார்கள். நின்றால் புவியீர்ப்பு மையம் தாழ்ந்துவிடும் என்று பலர் சொல்வதுண்டு. நிற்பவரின் உடல் மேலேறுவதால் மையம் உயரத்தான் செய்கிறது. நிற்பதன் பயன் வேறு. உட்கார்ந்தவரின் எடை சீட்டோடு ஒட்டியிருப்பதால் வண்டியின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவரும் ஆடுவார். நிற்பவரின் எடை கால்மிதி வழியாக இறங்குவதால், வண்டி அவருக்குக் கீழே தன்பாட்டுக்கு இடவலமாக ஆடிக்கொள்ளும். முழங்கால்கள் இன்னொரு சஸ்பென்ஷன் ஆகிவிடும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது, போகவேண்டிய இடத்தில் இருக்கவேண்டும். கல்லைப் பார்ப்பவர் கல்லின் மேல்தான் போய் நிற்பார்.

பிறகு வருவது மெதுவான திருப்பம். இரண்டு கூம்புகளைச் சுற்றி எட்டு போடவேண்டும். ஓட்டுநர் உரிமத் தேர்வின் எட்டுதான். இங்கே அதை நின்றபடி, சரளையில் போடவேண்டும். சாலையில் வண்டியோடு உடலும் சேர்ந்து சாயும். இங்கே வண்டியை உள்பக்கம் சாய்த்துவிட்டு உடலை வெளிப்பக்கம் நிறுத்தி, வெளிப்பக்கக் கால்மிதியை அழுத்தவேண்டும். எடை டயருக்கு நேர்மேலே நின்றால் சரளை அதைப் பக்கவாட்டில் உதறாது. வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஹாஃப் கிளட்சும் பின் பிரேக்கின் மெல்லிய அழுத்தமும்.

பிரேக் பாடத்தில் பழைய பழக்கங்கள் அதிகம் உடைகின்றன. பின்சக்கரம் லாக் ஆனால் வண்டியின் வால் அலையும்; சமாளிக்கலாம். முன்சக்கரம் லாக் ஆனால் திசை திருப்பும் வசதியே போய், கண் இமைப்பதற்குள் வண்டி படுத்துவிடும். அதற்காக முன் பிரேக்கைத் தொடாமலிருப்பதும் தவறு. பிரேக் போட்டதும் எடை முன்னோக்கி வருவதால் நிறுத்தும் திறனில் பெரும்பங்கு அங்கேதான். ஒரு விரலால், மெல்லத் தொடங்கி, படிப்படியாக அழுத்தவேண்டும். சக்கரம் லாக் ஆகாமல் தடுத்து சாலையில் உயிர் காக்கும் ஏபிஎஸ், உதிரிச் சரளையில் சக்கரத்தை அடிக்கடி விடுவிப்பதால், நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடக்கூடும். பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி சில வண்டிகளில் இருப்பது இதற்காகத்தான்.

ஏற்றத்தில் வேகத்தை அடிவாரத்திலேயே சேர்த்துக்கொள்ளவேண்டும். இரண்டாம் கியர், உடல் முன்னே, ஆக்சிலேட்டர் சீராக. பாதியில் கியர் மாற்றப் போனால் வேகம் செத்துவிடும். எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்குத் தனிப் பாடம் உண்டு. ஏற்றத்தில் முன்சக்கரத்தின்மேல் எடை குறைவு; அதனால் முன் பிரேக்கை மட்டும் நம்பினால், லாக் ஆன சக்கரத்தோடு வண்டி பின்னுக்குச் சறுக்கும். கிளட்சை விட்டுவிட்டால், கியரில் இருக்கும் எஞ்சினே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஓட்டுபவர் மேட்டுப்பக்கம் இறங்கி நின்று, வண்டியைத் தன் பக்கம் சாய்த்தபடி, கிளட்சைத் தொட்டு விட்டுத் தொட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கே திருப்பிக் கீழ்நோக்கி நிறுத்துவார்.

இறக்கத்தில் முதல் கியர், உடல் பின்னே. கிளட்சைப் பிடித்தால் எஞ்சினின் கட்டு அறுந்து வண்டி ஓடத் தொடங்கும். ஆகவே எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்து இறங்கட்டும் என்று விட்டு, பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொள்ளவேண்டும்.

மணல் கடைசியில் வரும். முன்சக்கரம் மணலை உழுதுகொண்டு இடமும் வலமும் அலையும். ஆக்சிலேட்டரைக் குறைப்பது மனித இயல்பு. குறைத்தால் எடை முன்னே வந்து சக்கரம் இன்னும் புதையும். எடையைச் சற்றுப் பின்னே தள்ளி, ஆக்சிலேட்டரைக் குறைக்காமல், ஹேண்டிலின் அலைச்சலைப் பொறுத்துக்கொண்டால் வண்டி தானே வழி கண்டுகொள்ளும். ஹேண்டிலை இறுகப் பிடிப்பவருக்கு முன்னங்கை மரத்துப்போய், பிரேக் பிடிக்கும் விரலும் சோர்ந்துவிடும். மாலையில் விழும் விழுகைகளுக்குத் திறமைக்குறைவைவிடக் களைப்பும் தாகமுமே காரணம். களைத்தவரை ஓரமாக உட்காரவைத்து, தண்ணீர் குடித்த பிறகே களத்துக்குள் விடுவார்கள்.

பயிற்சியைத் தனிக் களத்தில் நடத்துவதற்குக் காரணம் உண்டு. டயர் கிளறிய ஏற்றத்தில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டும். ஏரிக்கரையிலும் மேய்ச்சல் நிலத்திலும் அந்தச் சேதம் ஊராருடையதாகிவிடும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியோடு நுழைவது சட்டப்படி குற்றம்.

திரும்பும்போது செய்யவேண்டியவை சில. டயரில் மீண்டும் காற்று நிரப்பவேண்டும். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஓடினால் டயர் சூடேறும். ஏபிஎஸ்ஸை மறுபடி போட்டு, பிடிகளைப் பழைய நிலைக்குத் திருப்பி, செயினில் ஒட்டிய செம்மண்ணைத் துடைத்து எண்ணெய் விடவேண்டும். கற்றது உடனே பயன்படும் இடங்களும் வழியிலேயே உண்டு: சாலைப் பணிக்காகத் தார் பெயர்த்த மாற்றுப்பாதை, லாரி கொட்டிவிட்டுப்போன ஜல்லி, மழை அரித்த சாலையோரம்.