கடல் வகுத்த வழக்கம்

ஒரு சமுதாயத்தின் பழக்கவழக்கங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "இது நம் முன்னோர் வகுத்த வழி" என்னும் ஒரே விடையோடு நாம் நின்றுவிடுகிறோம். முன்னோர் அதனை ஏன் வகுத்தனர், எந்தச் சூழ்நிலை அவர்களை அவ்வாறு வகுக்கச் செய்தது என்று கேட்பவர் சிலரே. மக்களின் நிலைகளில் காணும் வேறுபாடு அவர்கள் பிழைப்பைத் தேடும் வழிகளின் வேறுபாட்டால் உண்டாகிறது என்பதை, 1377ஆம் ஆண்டில் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் விளக்கிச் சென்றார். அப்பேரறிஞரின் கருத்தை எங்கள் ஊரின் ஒரே ஒரு வழக்கத்தின்மீது வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

இராமநாதபுரம் கடற்கரையில் அமைந்தது எங்கள் ஊர். கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களில் உள்ளதைப் போலவே எங்களிடையேயும் திருமணத்திற்குப் பின் பெண் தாய்வீட்டை விட்டுச் செல்வதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டிற்கு வருகிறார். பெண்ணுக்கென்று ஒரு வீட்டையோ, வீட்டின் ஒரு பகுதியையோ பெற்றோர் எழுதிக் கொடுக்கின்றனர். வெளியூர் நண்பர்கள் இதனைக் கேட்டு வியப்பர். மார்க்கத்தில் இதற்கு ஆதாரமுண்டா என்று வினவுவோரும் உளர். மார்க்கம் மணமகன்மீது மஹரைக் கடமையாக்கியிருக்கிறது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே தீரவேண்டும் என்று விதிக்கவில்லை. இவ்வழக்கத்தை வகுத்தது கடல் என்பதே என் முடிவு.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல், ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் தங்கும் துறைமுகம். ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் பாண்டியனுக்கு அனுப்பப்பட்டதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்துள்ளார். காற்றை நம்பிச் செல்லும் வாணிகம் அது. தென்மேற்குப் பருவக்காற்றோடு போனவன் வடகிழக்குக் காற்று எழும்வரை அயல்துறையில் காத்திருக்க வேண்டும். ஒரு பருவம் தவறினால் ஓராண்டு போயிற்று. புயலில் சிக்கினால் ஆளே போயிற்று. அத்தகைய பிழைப்பை மேற்கொண்டவன் தன் மனைவியை எங்கே விட்டுச் செல்வான்? அறிமுகமில்லாத மாமியார் வீட்டைவிடத் தாயும் தமக்கையும் அருகிருக்கும் வீடே அவளுக்குப் பாதுகாப்பு. அவன் திரும்பாமலே போனாலும் அவள் தலைக்குமேல் கூரை இருக்கும்.

பின்னர் அரசியல் புகுந்தது. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்தார். 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியர் கைக்குப் போயிற்று. கடலில் செல்ல அவர்களிடம் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டிய நிலை வந்தது. 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் டச்சுக்காரர் கைப்பற்றினர். எனினும் மரைக்காயர்கள் முற்றாக ஒடுங்கிவிடவில்லை. அதே பதினேழாம் நூற்றாண்டில்தான் கீழக்கரையின் வள்ளல் சீதக்காதி, உமறுப் புலவரை ஆதரிக்கும் அளவுக்குச் செல்வராக விளங்கினார். ஆங்கிலேயர் 1786இல் பினாங்கிலும் 1819இல் சிங்கப்பூரிலும் கால் வைத்தபோது, அங்கே கடை விரிக்க நம்மவரும் சென்றனர். பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளியும், சிங்கப்பூரில் 1826இல் தோன்றிய சூலியா பள்ளியும் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றன. மலாய் மக்கள் கைலிக்கு வழங்கும் 'பெலெக்காட்' என்னும் பெயரில் நம் பழவேற்காடு ஒளிந்திருக்கிறது.

ஆனால் நீராவிக் கப்பல் வந்ததும் பாய்மரத்தின் காலம் முடிந்தது. நீராவிக் கப்பலை வாங்கும் முதலீடு வெள்ளையர் நிறுவனங்களிடமே இருந்தது. கப்பலுக்கு உடையவராய் இருந்தவரின் பேரன், 1926 முதல் ஓடிய 'ரஜூலா'வில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் செல்லும் பயணியானான். தொழிலின் தன்மை மாறிற்று. ஆண் அயலூரிலும் பெண் தாய்வீட்டிலும் வாழும் நிலை மாறவில்லை. ஆகவே வழக்கமும் நிலைத்தது.

அவ்வழக்கத்தின் அருமையை நான் உணர்ந்தது 1964ஆம் ஆண்டில். என் வாப்பாவுக்கு ரங்கூனில் மொகல் தெருவுக்கு அருகே ஜவுளிக்கடை இருந்தது. 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். ஈராண்டிற்குள் கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. முப்பதாண்டுச் சம்பாத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு வாப்பா சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவ்வாண்டு கப்பல் கப்பலாய் வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்களில் பல, தங்குவதற்கு ஓரிடமின்றி முகாம்களில் கிடந்தன. நாங்கள் நேரே வீட்டிற்கு வந்தோம். அது உம்மாவின் பெயரில் இருந்த வீடு. வாப்பாவுக்குக் கடன் கொடுத்தவர்கள் வந்து திண்ணையில் அமர்ந்தனர், காப்பி அருந்தினர், தவணை பேசிச் சென்றனர். வீட்டைக் கேட்க அவர்களுக்கு வழியில்லை. ஓர் அரசாங்கம் ஒரே நாளில் அழித்ததை, ஒரு பழைய வழக்கம் தாங்கிப் பிடித்தது.

இந்த நன்றியோடுதான் அதன் மறுபக்கத்தையும் சொல்கிறேன். 1973இல் மூண்ட போரை அடுத்து எண்ணெய் விலை ஏறிற்று. பீப்பாய் 3 டாலராக இருந்தது சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது. அதன் அலை எங்கள் தெருவரை வந்தது. மலேசியாவில் அயல்நாட்டாருக்கு வேலை அனுமதிச் சட்டம் 1968லேயே இறுகிவிட்டதால், சபுராளிகளின் பார்வை கிழக்கிலிருந்து மேற்கே திரும்பியது. 1976இல் காக்கா துபாய்க்குப் போனார்கள். பணம் வந்தது. எல்லார் வீட்டிற்கும் வந்தது. ஊரில் மனைநிலம் கூடவில்லை. அதன் விலை கூடிற்று. உம்மாவுக்கு அவர்கள் வாப்பா கொடுத்தது வீட்டில் இரண்டு அறைகள். என் மூன்று ராத்தாமாருக்கும் தனித்தனி வீடே வேண்டுமென்று சம்பந்தம் பேச வந்தோர் கேட்டனர். பாதுகாப்பாகத் தொடங்கிய வழக்கம் அளவுகோலாக மாறிற்று. மூன்று வீடுகளும் எழுந்து முடியக் காக்காவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஈராண்டுக்கொரு முறை கிடைத்த இரண்டு மாத விடுமுறைகளில்தான் அவர்கள் தம் பிள்ளைகள் வளர்வதைக் கண்டார்கள். அண்ணன் துணையற்ற குடும்பங்களின் பெண்கள் முப்பது வயதைக் கடந்தும் மணமாகாமல் இருந்ததை ஊரே அறியும்.

இப்போது காலம் இன்னொரு முறை திரும்பியிருக்கிறது. மாப்பிள்ளைமார் பலர் மனைவியையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். ராத்தாமாரின் மூன்று வீடுகளில் இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றில் வௌவால் அடைகிறது. மற்றொன்றை வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்து கூட்டிச் செல்கிறாள். கணவன் கடலில் இருக்க மனைவி காத்திருக்கும் நிலை மறைந்தபின், அந்நிலைக்காகக் கட்டிய சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

என் பேத்தி சென்னையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறாள். மேற்கொண்டு படிக்க விரும்புகிறாள். அவளுக்கென்று மனை வாங்கிக் கட்டடம் தொடங்க வேண்டிய தருணம் இதுவென உறவினர் வற்புறுத்துகின்றனர். இரண்டுக்கும் சேர்த்துப் பொருள் இல்லை. மகன் என்னிடம் யோசனை கேட்டான். வழக்கத்தை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. பெண்ணுக்கென்று, யாரும் பறிக்க இயலாத ஒன்று அவள் பெயரில் இருக்கவேண்டும் என்பதே அதன் உயிர். அன்று அதற்கு வீடு பொருத்தமாக இருந்தது. இன்று அவள் கல்வியும், அவள் ஈட்டும் பொருளும், மார்க்கம் அவளுக்கு உரிமையாக்கிய மஹரும் பாகமும் அதற்குப் பொருந்தும். அவற்றைக் குறைவின்றி அவள் கையில் சேர்ப்பித்தால், முன்னோரின் நோக்கத்தை நாம் நிறைவேற்றியவர் ஆவோம். இவ்வாறு சொன்னேன்.

"வாப்பா, சம்பந்தம் பேச வருவோர் இதனை ஏற்பார்களா?" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு குடும்பம் மட்டும் மாறினால் அதன் பெண் தனித்து நிற்பாள். அதனால்தான் இதனை எழுதுகிறேன். மாப்பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்களும் இதனைப் படிக்கின்றன. எனக்கும் பேரன்மார் இருவர் உண்டு. அவர்களுக்குப் பெண் பேசப் போகும்போது வீடு கேட்பதில்லை என்று எங்கள் குடும்பத்தில் முடிவு செய்துள்ளோம். பேத்தி வரும் ஆண்டு மேற்படிப்பில் சேர்கிறாள்.