எலும்பின் நிறம்

எங்கள் வீட்டில் 60 எலும்புக்கூடுகள் இருக்கின்றன. பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் சுமார் 3 சென்டிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் பொம்மை. கையில் துருப்பிடித்த வாள், உடைந்த கேடயம். இவற்றைத் துண்டு துண்டாக ஒட்டி, வர்ணம் தீட்டி, மேசையில் அணிவகுக்க வைத்து, பகடை உருட்டி நண்பர்களோடு போர் விளையாடுவதுதான் என் பொழுதுபோக்கு.

விளையாட்டின் பெயர் வார்ஹேமர். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் வெளியிட்டது. மனிதர், குள்ளர், அரக்கர் என்று பல படைகள் உண்டு. நான் எடுத்தது இறந்தவர்களின் படை. புதிதாக வர்ணம் தீட்டுகிறவர்களுக்குக் கண்தான் பெரிய சோதனை. எலும்புக்கூட்டுக்கு அந்தத் தொல்லையே இல்லை. இரண்டு இருட்டுக் குழிகள் போதும்.

ஸ்கூடாயில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. ஜொகூர் பாலத்தின் நெரிசலில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போயிருக்கும். குளித்துச் சாப்பிட்டு, மேசை விளக்கைப் போட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கை நிதானத்துக்கு வந்துவிடும். தூரிகை பிடித்த கையால் கைப்பேசியைத் தொட முடியாது என்பது கூடுதல் லாபம்.

செய்முறை சிக்கலில்லாதது. முதலில் ஸ்ப்ரேயில் அடிப்பூச்சு. இதை மட்டும் நம் ஊர் வானிலையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மழை வருகிற புழுக்கத்தில் அடித்தால் பூச்சு வெளுத்து, சொரசொரப்பாகிவிடும். அதனால் மேகமில்லாத காலை நேரம்தான் எனக்குக் கணக்கு. அது காய்ந்ததும் வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை. அதன்மேல் தண்ணீராகக் கரைத்த பழுப்பு வர்ணம். அது விலா எலும்புகளின் இடுக்குகளில் தானாக ஓடித் தேங்கி, நிழலாக மாறும். கடைசியாக, தூரிகையில் எடுத்த வர்ணத்தைத் தாளில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த முனையால் மேடான இடங்களை மட்டும் வருடினால் மண்டை ஓடு பளிச்சென்று எழுந்து நிற்கும்.

சிக்கல் வீட்டில்தான் வந்தது.

அப்பா தவறிய ஏழாவது மாதத்தில் முதல் பெட்டியை வாங்கினேன். அம்மா திட்டவில்லை. "சாவு விழுந்த வீட்டுல இதெல்லாம் எதுக்குப்பா?" என்று மட்டும் கேட்டார். இரவில் நான் தூங்கிய பிறகு, மேசைமேல் காய்கிற பொம்மைகளை ஒரு பழைய துண்டால் மூடி வைப்பார். காலையில் நான் எடுப்பேன். இரவில் அவர் மறுபடி மூடுவார். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் அந்தத் துண்டு இருவருக்கும் நடுவில் கிடந்தது.

அவருக்குச் சொல்லாத ஒன்று எனக்குள் இருந்தது. தகனத்துக்கு மறுநாள் அஸ்தி எடுக்கப் போனவன் நான். எலும்பு என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். அதில் மஞ்சளும் இல்லை, பழுப்பும் இல்லை. சுண்ணாம்புக்கட்டி போல வெள்ளை, ஓரங்களில் சாம்பல். விரல் பட்டால் உதிர்ந்தது.

பொம்மைக்குத் தீட்டுகிற பழுப்பு, மண்ணுக்குள் கிடந்த எலும்பின் நிறம். கல்லறையைத் திறந்துகொண்டு எலும்புக்கூடு நடந்து வருவது, புதைக்கும் ஊர்களில் பிறந்த கற்பனை. மலாய்க் கதைகளின் பொந்தியானாக்கும் பிரசவத்தில் இறந்து திரும்பி வருகிறவள்தான். அவளை 1957இல் திரைக்குக் கொண்டுவந்தவர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி.என்.ராவ். தமிழிலும் பேய்களுக்குப் பஞ்சமில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களம் முழுக்கப் பேய்கள். ஆனால் அவை யாருடைய படையிலும் இல்லை. பசியால் ஒட்டி உலர்ந்து, போர் முடிந்த களத்தில் கூழ் சமைத்துக் குடிக்கக் காத்திருப்பவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள காரைக்கால் அம்மையார் வெண்கலச் சிலை. சோழர் காலத்தது, ஏறக்குறைய ஒரு சாண் உயரம். வற்றிய உடலோடு அமர்ந்து தாளம் போட்டுப் பாடும் கோலம். அம்மா நெடுநேரம் பார்த்தார். "இவங்க பேயுருவம் வேணும்னு கேட்டு வாங்கினவங்க" என்றார். பிறகு மேசைப் பக்கம் வந்து, முதல் முறையாக ஒரு எலும்புக்கூட்டைக் கையில் எடுத்தார்.

"இதுக்கெல்லாம் பேரு இருக்கா?"

"இல்லம்மா. சும்மா படைவீரன்தான்."

"பேரு இல்லன்னா சரி. அப்ப இது யாரும் இல்ல."

அதோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அப்பா படம் மாட்டியிருக்கும் கூடத்தில் பொம்மைகள் கூடாது. என் அறை அலமாரியில் இருக்கலாம். திதி வரும் வாரத்தில் தூரிகையைத் தொடக் கூடாது. துண்டு துவைத்து மடித்து உள்ளே போய்விட்டது.

விளையாட்டில் என் படைக்கு ஒரு சலுகை உண்டு. வீழ்ந்தவர்களில் சிலரை மீண்டும் எழுப்பி மேசையில் நிறுத்தலாம். எதிரில் ஆடும் நண்பன் ஒவ்வொரு முறையும் சலித்துக்கொள்வான், நான் சிரிப்பேன். ஆட்டம் முடிந்து பெட்டியை மூடும்போது அந்தச் சலுகையும் உள்ளேயே போய்விடும். வெளியில் அப்படி எதுவும் கிடையாது என்பதை, அஸ்தித் தட்டைப் பார்த்த அன்றைவிட இந்த மேசையில் உட்கார்ந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொண்டேன்.

துக்கத்துக்கு மருந்து என்று எதையும் நான் சொல்ல வரவில்லை. கோலம், தையல், மீன் தொட்டி எதுவாகவும் இருக்கலாம். கண்ணும் கையும் ஒரே இடத்தில் நிற்கும் ஒரு மணி நேரம் எல்லாருக்கும் தேவைப்படுகிறது.

60இல் 43 முடிந்துவிட்டன. இன்று மேகம் இல்லை; மீதி 17க்கும் அடிப்பூச்சு அடித்துவிடலாம்.