அந்த 60 மில்லிலீற்றர்

கடந்த வருடம் மழைக்காலத்தில் எங்கள் தெருவில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது உம்மாவையும் அது விட்டுவைக்கவில்லை. வாப்பா கத்தாரில். தம்பிமார் இருவரையும் மாமி பொறுப்பெடுத்துக்கொண்டார். வைத்தியசாலையில் உம்மாவுக்குத் துணையாக நிற்கும் பொறுப்பு, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு வந்து சேர்ந்தது.

முதல் நாளே பெண்கள் வாட்டில் கடமையிலிருந்த மிஸ் ஒருவர் என் கையில் ஒரு தாளையும் ஓர் அளவுச் சாடியையும் தந்தார். அவர் சிங்களம் பேசுபவர். என்றாலும் நிதானமாகத் தமிழிலேயே சொன்னார்.

"மகள், உம்மா குடிக்கிற எல்லாத்தையும் இந்தப் பக்கம் எழுதுங்க. போற சிறுநீரை அளந்து அந்தப் பக்கம் எழுதுங்க. இது முக்கியமான வேலை."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மருத்துவம் என்றால் ஊசியும் இயந்திரங்களும் என்று நினைத்திருந்தவள் நான். சிறுநீரை அளப்பதில் என்ன இருக்கிறது?

அந்த மிஸ்ஸை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் போகுமுன் கைகளைச் சுத்தம் செய்வார். மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் உம்மாவின் பெயரைக் கேட்டுக் கட்டில் அட்டையுடன் ஒப்பிடுவார். மூன்றாம் நாள், "மிஸ், உம்மாட பேர் இன்னும் பாடமாகல்லையா?" என்று சிரித்தேன். "பாடம்தான் மகள். ஆனா இந்த வாட்டில மூணு பாத்திமா இருக்காங்க" என்றார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் பார்க்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது என்று அன்றுதான் அறிந்தேன்.

நான்காம் நாள் காலையில் உம்மாவின் காய்ச்சல் இறங்கியது. பார்க்க வந்த உறவினர்கள் முகம் மலர்ந்தார்கள். "அல்ஹம்துலில்லாஹ், இனி வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்" என்றார் சாச்சி. மிஸ்ஸோ உம்மாவின் கட்டிலைத் தாதியர் மேசைக்குப் பக்கத்தில் மாற்றச் செய்தார். உம்மா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றும் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் விளக்கினார். டெங்குவில் சிலருக்கு உண்மையான ஆபத்து காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்களில் குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசியக்கூடும். உடலில் நீர் போதாவிட்டால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விடலாம். அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தாலோ அது நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சுத் திணறலை உண்டாக்கும். உம்மாவின் நிறை 50 கிலோ. ஆகவே மணிக்கு 25 மில்லிலீற்றர் சிறுநீராவது போக வேண்டும். சாச்சி கொண்டுவந்த தோடம்பழச் சாறும் அந்தத் தாளில் ஏற வேண்டும்.

அன்றிரவு ஒவ்வொரு மணியும் அளந்தேன். 55, 60 என்று எழுதினேன். நள்ளிரவுக்குப் பின் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மணி இரண்டரை. என்னை எழுப்ப மனமில்லாமல் உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தானே கழிவறைக்குப் போய் வந்திருந்தார். "எவ்வளவு போச்சும்மா?" என்று கேட்டேன். "கொஞ்சம்தான் மகள்" என்றார்.

தாளில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. தூங்கியது தெரிந்துவிடுமே என்ற வெட்கம். முந்திய எண்ணைப் பார்த்தேன். 60 என்று எழுதிவிட்டேன்.

மூன்று மணிக்கு மிஸ் வந்தார். மாலையில் 110க்கு 70 ஆக இருந்த இரத்த அழுத்தம் 100க்கு 80 ஆகியிருந்தது. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் 40இலிருந்து 20 ஆகச் சுருங்கியிருந்தது. நாடி 112. விரல் நுனியை அழுத்திவிட்டு, நிறம் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார். உள்ளங்கையைத் தொட்டார். குளிர்ந்திருந்தது. பிறகு என் தாளைப் பார்த்தார்.

"60? மகள், இதை நீங்க அளந்தீங்களா?"

"ஓம்" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "இல்ல மிஸ். நான் தூங்கிட்டேன்."

அவர் ஏசவில்லை. "சொன்னது நல்லது" என்றார். 60இன் மேல் ஒரு கோடு கிழித்து, 'அளக்கவில்லை' என்று எழுதி, நேரத்தையும் குறித்துக் கையொப்பமிட்டார். உடனே உம்மாவைச் சிறுநீர் கழிக்கச் செய்து அளந்தார். 15 மில்லிலீற்றர்தான்.

அடுத்த நிமிடம் கடமையிலிருந்த வைத்தியருடன் தொலைபேசியில் பேசினார். கட்டில் இலக்கம், நோயின் எத்தனையாவது நாள், காய்ச்சல் விட்ட நேரம், நாடி, அழுத்தம், சிறுநீர் என ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். "இப்பவே வந்து பார்க்கணும்" என்று முடித்தார். வைத்தியர் வந்தார். குருதி எடுக்கப்பட்டது. சேலைனின் வேகம் மாற்றப்பட்டது. அதன்பின் கால் மணிக்கொரு தடவை மிஸ் வந்து பார்த்தார். ஸுபஹ் பாங்கு கேட்கும் நேரம் உம்மாவின் கை சூடேறியிருந்தது. அந்த மணியில் 30 மில்லிலீற்றர். அதை நானே அளந்தேன்.

காலையில் நடைபாதையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். கடமை முடிந்து போகும் மிஸ் பக்கத்தில் வந்தார்.

"மகள், இடம் வெறுமையா இருந்தா நான் உங்ககிட்ட கேட்பேன். பிழையான எண் இருந்தா நான் நம்பிடுவேன். அதுதான் வித்தியாசம்."

அந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. என் 60 'எல்லாம் நலம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. உம்மாவின் குளிர்ந்த கை வேறொன்றைச் சொன்னது. மிஸ் தாளை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டும் ஒத்துவரவில்லை என்று கண்டதும் அவர் நோயாளியைப் பார்த்தார், கேட்டார், தாமதிக்காமல் வைத்தியரை அழைத்தார். அவர் ஏசுபவராக இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். பயமில்லாமல் பிழையை ஒப்புக்கொள்ள இடம் கொடுப்பதும் நோயாளியின் பாதுகாப்புத்தான்.

அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களை ருபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். தாதியரின் பணியை இரக்கம் என்று மட்டுமே அப்போது விளங்கிக்கொண்டேன். இரக்கம் என்னிடமும் இருந்தது. உம்மாவின் மேல் எனக்கில்லாத இரக்கமா? இல்லாமல் போனது அமானிதம். ஒருவரின் உயிரை நம்பி ஒப்படைத்தால், அவரைப் பற்றி எழுதும் ஒவ்வோர் எண்ணும் அமானிதமே.

2017ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். நாளை உங்கள் வீட்டிலும் ஒருவர் காய்ச்சலில் படுக்கலாம். வைத்தியர் சொன்ன அளவில் பனடோல் தவிர அஸ்பிரின், இபுபுறொபன் போன்றவற்றைக் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவசரப்படாதீர்கள். அளக்கச் சொன்னால் அளந்து எழுதுங்கள். அளக்காவிட்டால் 'அளக்கவில்லை' என்று எழுதுங்கள்.

வீடு வந்தபின் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நானும் உன்னை எழுப்பியிருக்கணும் மகள்" என்றார்.

உயர்தரம் முடிந்ததும் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். துஆச் செய்யுங்கள்.