மீஞ்சூர்க் கிணறுகள்

பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப விவசாயி மாறவேண்டும், உவர் தாங்கும் விதை தருகிறோம் என்கிறார்கள். நல்லதுதான், குழியடிச்சானும் களர்பாலையும் நம்மிடம் முன்பே உண்டு. ஆனால் எண்ணூருக்கு அப்பால், மீஞ்சூரில் நண்பரின் கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறேன், கடலேதான். அந்த உப்பை வானம் கொண்டுவரவில்லை. 1960களின் இறுதியிலிருந்து மணலி ஆலைகளுக்கும் சென்னைக் குழாய்களுக்கும் நிலத்தடி நீரை இறைத்தோம். நன்னீர் மட்டம் இறங்க, கடல் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. உயரும் கடல்மட்டம் இனி அதற்குத் துணைசேரும். பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர், நகரத்துக்கு (வேடிக்கைதான்!). நண்பருக்கு விதைப்பையைக் காட்டிலும் அவசரத் தேவை, கொசஸ்தலையாற்று வெள்ளம் எண்ணூர் முகத்துவாரத்தை அடையுமுன் அதை நிலத்துக்குள் இறக்குவதும், இறைப்பதை நாம் குறைப்பதும்.