எட்டாவது படியில் வந்த 6174

நாலிலக்க எண் ஒன்று எடுங்கள், நாலும் ஒரே இலக்கமாக இல்லாமல். பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, அதையே திருப்பிப் போட்டுக் கழியுங்கள். விடையையும் அப்படியே செய்யுங்கள். ஏழு படிக்குள் 6174 வந்தே தீரும். 1949இல் சென்னைக் கணித மாநாட்டில் இதைச் சொன்ன கப்ரேகர், தேவ்லாலியில் நம்மைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான்.

இன்று வகுப்பில், "கணக்கு எனக்கு வராது சேர்" என்றே சொல்லும் பிள்ளை ஒன்று 1421 எடுத்தது. மூன்று படியில் முடிய வேண்டியது, எட்டுப் படி போயிருந்தது! பார்த்தால், முதல் கழித்தலில் கடன் கொடுத்ததை மறந்து 3087க்கு 3097 எழுதியிருக்கிறது. மற்ற ஏழும் சரி. பிழைத்த எண்ணும் நாலிலக்கம்தானே, அதுவும் அங்கேதான் போகும்.

"அப்ப பிழையாச் செஞ்சும் வந்திருக்கு, என்ன சேர்?"

இடைவேளை மணி அடித்தும் எழும்பாமல், 3087இலிருந்து திரும்பச் செய்துகொண்டிருந்தது.