கனடா விதையும் அம்மாவின் செம்புத் தண்ணீரும்

2022 ஆம் ஆண்டு, பால்மாவுக்கும் காஸுக்கும் நாங்கள் வரிசையில் நின்ற நாட்களில், ரொறன்ரோவில் இருக்கும் எனது அக்கா ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். பால்மா, ஓட்ஸ், பனடோல், பிள்ளைகளுக்குச் சொக்கிலேட். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கிலோ பொதி ஒன்று. உள்ளே மண்ணிறத்தில் தட்டையான, மினுங்குகிற சிறு விதைகள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.

"உதென்னடி பிள்ளை, மாட்டுக்கு வைக்கிற சாமானே?" என்று அம்மா கேட்டார்.

அக்காவுக்கு எடுத்துக் கேட்டேன். "அம்மாவுக்கு மலச்சிக்கல் எண்டு சொன்னனி எல்லே, இதைக் குடுத்துப் பார். இஞ்சை எல்லாரும் சாப்பிடுகினம்" என்றார். பிளக்ஸ் சீட் என்று பொதியில் எழுதியிருந்தது. தமிழில் ஆளி விதை. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் வயல் வயலாக விளைகிறது. நீலப் பூப் பூக்கும் செடி. லினன் துணிக்கு நூல் எடுப்பதும் இந்தச் செடியின் தண்டு நாரில்தான். அம்மா கேட்டதிலும் பிழையில்லை. எண்ணெய் எடுத்த பிறகு வரும் பிண்ணாக்கு மாட்டுத் தீவனம்தான்.

அக்கா அனுப்பியது, அதுவும் காசு கொடுத்து வாங்கி அனுப்பியது, வீண் போகக்கூடாது என்ற அவசரம் எனக்கு. அடுத்த நாள் காலையே புட்டு மாவுக்குள் மூன்று மேசைக்கரண்டி விதையை முழுதாக அள்ளிப் போட்டு அவித்து அம்மாவுக்குக் கொடுத்தேன். கூடப் போட்டால் கெதியில் சுகம் வரும் என்று நினைத்தேன். அன்று மாலையும் மிச்சப் புட்டைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அம்மாவின் வயிறு கல்லுப் போல ஊதிவிட்டது. சத்தியும் வந்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். நல்லகாலம், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மருந்து கொடுத்து, ஒரு இரவு வைத்திருந்து விட்டார்கள். ஆனால் அங்கிருந்த இளம் டொக்டர் பிள்ளை ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறவ?"

ஒரே வீட்டில் இருக்கிறேன், மூன்று வேளையும் சமைத்துக் கொடுக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு தேத்தண்ணி" என்றார்.

வீட்டுக்கு வந்த இரவுதான் அம்மா சொன்னார். 2009 இல் முகாமில் இருந்தபோது மலசலகூடம் தூரத்தில். அதற்கும் வரிசை. இரவில் போவதென்றால் என்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு இருட்டில் போகவேண்டும். குமர்ப்பிள்ளையை இருட்டில் கூட்டிப் போக அம்மாவுக்குப் பயம். அதனால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். பிறகு பகலிலும் குறைத்தார். நிவாரணத்தில் வந்த வெள்ளை அரிசியும் கோதுமை மாவும் பருப்பும்தான் சாப்பாடு. மலச்சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 2010 இல் ஊருக்கு வந்தோம். பிறகு வீட்டுத்திட்ட வீடும் கிடைத்தது. மலசலகூடம் பத்தடி தூரத்தில். ஆனால் தண்ணீர் குடிக்கும் பழக்கம் மட்டும் முகாமிலேயே நின்றுவிட்டது.

இதை எழுதும்போது என்னையும் நினைத்துப் பார்க்கிறேன். பஸ்ஸில் போகும் நாட்களில் காலையில் இருந்து நானும் வாய் நனைப்பதில்லை. உங்களில் எத்தனை பேர் அப்படியோ!

டொக்டர் பிள்ளை விளங்கப்படுத்தியதை வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு தேக்கரண்டி விதையை அரைக் கிளாஸ் தண்ணீரில் அரை மணித்தியாலம் விட்டால், சர்பத்தில் போடும் கசகசாவைப் போல வழுவழுவென்று வந்துவிடும். விதைத் தோல் அவ்வளவு தண்ணீர் இழுக்கிறது. வயிற்றுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த வழுவழுப்பு மலத்தை இளக்கி வெளியேற்றும். தண்ணீர் இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொண்டு நிற்கும். நான் அம்மாவுக்குச் செய்தது அதுதான். இன்னொன்று, முழு விதை பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். அதில் உள்ள சத்து உடம்பில் சேர அரைக்கத்தான் வேண்டும்.

இப்போது செய்வது இப்படி. ஒரு கிழமைக்குப் போதுமான விதையை மாத்திரம் மெல்லிய நெருப்பில், ஒன்றிரண்டு வெடிக்கும் வரை வறுத்து, ஆறவிட்டு, கிரைண்டரில் விட்டுவிட்டு அரைக்கிறேன். இறுக்கமான மூடியுள்ள போத்தலில் வெயில் படாமல் வைக்கவேண்டும். குளிர்சாதனப்பெட்டி உள்ளவர்கள் அதற்குள் வைக்கலாம். நிறைய அரைத்து வைத்தால் எண்ணெய் காறிவிடும், மணத்திலேயே தெரியும். அம்மாவுக்கு முதலில் அரைத் தேக்கரண்டி, அடுத்த கிழமை ஒரு தேக்கரண்டி, இப்போது ஒரு மேசைக்கரண்டி. அது ஏறக்குறைய 7 கிராம் வரும், அதில் நார்ச்சத்து 2 கிராம் இருக்கும். அதற்குமேல் போவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர். பிரஷர் குளிசை குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் கொடுப்பேன்; வழுவழுப்பு மருந்தையும் பிடித்துவைத்துவிடும்.

இதில் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். எங்கள் பெண்களில் ஷெல் துண்டு வயிற்றில் பட்டு, குடல் வெட்டித் தைத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அப்படியானவர்கள் கிளினிக்கில் கேட்காமல் இந்த விதையைத் தொடவேண்டாம். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்களும் அப்படியே.

சமையலில் இதற்கு நல்ல இடம் குரக்கன் ரொட்டி. குரக்கன் மா ஒட்டாது, தட்டும்போது ஓரம் வெடிக்கும். ஒரு கப் குரக்கன் மா, அரைக் கப் கோதுமை மா, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவுடன் ஒரு மேசைக்கரண்டி ஆளிப் பொடியும் உப்பும் சேர்த்து, இளஞ்சூட்டு நீரில் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வைத்துத் தட்டிப் பாருங்கள். ஓரம் வெடிப்பது குறையும். புட்டுக்கென்றால் பொடியை வறுத்த மாவுடன் முதலே கலந்துவிடவேண்டும். தண்ணீர் விட்டபின் தூவினால் கட்டி கட்டியாகிக் களியாகிவிடும். இடியப்பத்துக்கு வேண்டாம், உரல் கண்ணை அடைத்துக்கொண்டு கை நோகும். இலைக்கஞ்சியில் இறக்கும்போது ஒரு கரண்டி போடலாம். பிள்ளைகளுக்குப் பிடித்தது பொடிதான்: வறுத்த ஆளி விதையும் வறுத்த எள்ளும் சம அளவு, அதற்கு அளவாகச் செத்தல் மிளகாய், உள்ளி, கறிவேப்பிலை, உப்பு. எல்லாம் வறுத்து அரைத்தால் தோசைக்கு வேறு சம்பல் தேவையில்லை.

கேக் கதை வேறு. முட்டை ஒன்று 50 ரூபாயைத் தாண்டிப் போன காலத்தில் மகளின் பிறந்தநாள் வந்தது. ஒரு முட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி ஆளிப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரித் தடிக்கும் என்று அக்கா சொல்லித் தந்தார். கோதுமை மா 250 கிராம், சீனி 150 கிராம், மாஜரின் 100 கிராம், நன்றாகக் கனிந்த வாழைப்பழம் மூன்று, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, முட்டைக்குப் பதில் இரண்டு பங்கு ஆளிக் கரைசல். வீட்டில் அவன் இல்லை. பெரிய சட்டியில் மணல் பரப்பி, சூடாக்கி, அதற்குள் தட்டை வைத்து மூடி, மூடிக்கு மேலும் தணல் போட்டு ஒரு மணித்தியாலம் வேகவைத்தேன். முட்டை போட்ட கேக் போல எழும்பவில்லை. பாரமாக, ஈரமாக இருந்தது. ஆனால் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. முட்டையால் எழும்பவேண்டிய பட்டர் கேக்குக்கு இது சரிவராது, மா வீணாகும்.

ஒரு எச்சரிக்கை. இரும்புக்கடையில் பலகைக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் பூச விற்கிற லின்சீட் எண்ணெயும் இதே விதையில் எடுத்ததுதான். அதைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. அதில் கெதியில் காய்வதற்கென்று நஞ்சான பொருட்கள் கலப்பதும் உண்டு. ஆளி விதை என்று கேட்டால் சில மருந்துச் சரக்குக் கடைகளில் வேறொரு சிவந்த சிறு விதையையும் தருவார்கள். பார்த்து வாங்குங்கள்.

வெளிநாட்டில் ஆள் இல்லாதவர்கள் இதைக் காசு கொடுத்துத் தேடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இதில் உள்ள ஒமேகா 3 கொழுப்புக்காகத்தான் அங்கே இவ்வளவு பேச்சு. சூடையும் சாளையும் கீரியும் சாப்பிடுகிற எங்களுக்கு அது மீனிலேயே, இன்னும் நல்ல வகையாகக் கிடைக்கிறது. எள்ளில் அது மிகக் குறைவு, ஆனால் கல்சியம் இருக்கிறது. நார்ச்சத்துக்குக் குரக்கனும் முருங்கை இலையும் தவிட்டரிசியும் போதும். தண்ணீர் மட்டும் எதோடும் வேண்டும்.

அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு செம்புத் தண்ணீர் எப்போதும் இருக்கும். இரவில் எழும்பும்போது போடுவதற்கு வெளியில் ஒரு பல்பும் பூட்டினேன். போன மாதம் அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது அம்மா குசினியில் இருந்து சத்தம் போட்டார்:

"அந்த மாட்டுச் சாமான் முடியப் போகுது எண்டு கொக்காவிட்டைச் சொல்லு!"